பழைய வீட்டுக்கு ஏன் சதுர அடி ரேட் சொல்வதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்ததும் எங்களுக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "கும்பகோணத்துல தாத்தா கட்டின வீடு சார். அப்பா அம்மாவுக்குக் கொல்லைப் பக்கம் அட்டாச்டு பாத்ரூமோட ஒரு ரூம் எடுக்கணும், முன்கட்டையும் சரி பண்ணணும். சதுர அடி என்ன ரேட்?" கொல்லையில் கட்டும் புது அறைக்குச் சொல்லிவிடுவோம். முன்கட்டுக்குச் சொல்ல மாட்டோம். காரணத்தை எழுத்தில் தரும்படி பலரும் கேட்டதால் இந்த மடல்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் செலவு வைக்கும் இடங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. மட்டப்பாவை (கட்டை மேல் செங்கல் அடுக்கிப் போட்ட மொட்டை மாடித் தளம்) தாங்கும் தேக்குக் கட்டை நடுவில் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் நுனி ஈரத்திலோ கரையானிலோ மாவாகியிருக்கும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு பளபளக்கும் உள்சுவரைக் கொத்திப் பார்த்தால் செங்கல்லுக்கு நடுவே வெறும் மண் சாந்து. ஒரு கட்டையை மாற்றுவதா, ஏழு கட்டையை மாற்றுவதா என்று தெரியாமல் ரேட் சொல்பவர், ஒன்று உங்களிடம் கூடுதலாக வாங்குவார், இல்லை பாதி வேலையில் சண்டை போடுவார்.

அதனால் முதலில் திறந்து பார்க்கிறோம். கட்டை நுனிகள் இருக்கும் இடத்தில் பூச்சைக் கொத்துவோம், ஓட்டுக் கூரையானால் நாலு இடத்தில் ஓட்டைப் பிரிப்போம், பழைய கடைக்கால் (அஸ்திவாரம்) எவ்வளவு ஆழம் என்று ஓரமாக ஒரு குழி எடுப்போம். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வேலையை எங்களிடமே கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வோம். அப்புறம்தான் மதிப்பீடு. புதுப் பகுதிக்கு ஒரே தொகை. பழைய பகுதிக்கு, ஒவ்வொரு வேலைக்கும் இன்ன ரேட் என்று முன்கூட்டியே எழுதி, செய்த அளவுக்கு மட்டும் பணம். அளவுப் புத்தகத்தில் வாராவாரம் இரு தரப்பும் கையெழுத்துப் போடுவோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, எதையும் மூடிப் பூசுவதற்கு முன்னால் போட்டோ வரும்.

அடுத்து, அடிக்கடி வாக்குவாதம் வரும் விஷயம். புது அறையின் தளத்தைப் பழைய பின்சுவரில் ஏற்றினால் ஒரு பக்கம் பில்லர் மிச்சம்தானே என்பார்கள். டெல்டாவின் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், கோடையில் சுருங்கும். பழைய சுவர் இறங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதுக் கட்டடம் இனிமேல்தான் இறங்க ஆரம்பிக்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் சேருமிடத்தில் விரிசல் வரும், எத்தனை தடவை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும். எனவே புதுப் பகுதிக்கு நாலு பக்கமும் சொந்த பில்லர். நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மழைநீர் இறங்காமல் மூடுவோம். பார்வைக்கு ஒரே வீடுதான். பழைய கடைக்காலை ஒட்டி வானம் (புது அஸ்திவாரத்துக்கான பள்ளம்) தோண்டுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வோம். ஒரே நாளில் ஜேசிபி விட்டு நீளமாகத் தோண்டச் சொல்லாதீர்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சு மலிவுதான், ஒன்றிரண்டு மழைக்காலம் வரைக்கும். சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். நாங்கள் மறுபடியும் சுண்ணாம்புதான் பூசுகிறோம். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, காயவும் நாளாகும். அதற்கும் சேர்த்துத்தான் எங்கள் நாள் கணக்கு.

தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்டது, ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அடியில் கான்கிரீட் பெல்ட் இல்லாத, மண் சாந்தில் கட்டிய சுவரைத் தூக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. தரையை ஓர் அடி உயர்த்தினால் பழைய நிலைவாசலில் தலை இடிக்கும். முற்றத்துத் தூம்பு (தண்ணீர் வெளியேறும் வழி) தெருச் சாக்கடையை விடத் தாழ்ந்துவிட்டதுதான் பெரும்பாலும் உண்மையான தொல்லை. அதற்கு முற்றத்தில் ஒரு சிறு தொட்டியும் பம்பும் போதும்.

வயரிங் முழுவதும் புதிது, எர்த்தோடு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் லைன் கொடுக்க மாட்டோம். பழைய சுவரில் வயர் பைப்பைப் புதைக்கப் படுக்கைவாட்டில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவதில்லை. பைப் வெளியே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் வானம் தோண்ட மாட்டோம். 2024இல் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறை (உரிமையாளரே விவரங்களுக்குச் சான்றளித்து ஆன்லைனில் அனுமதி வாங்குவது), 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கானது. உங்கள் வேலை அதில் வருமா என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாதிப் பேருக்குப் பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறது. அதை முதலில் மாற்றுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அவர்களிடமும் இப்போதே பேசி, சம்மதத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.

வேலை வரிசை இதுதான்: கொல்லைப் பக்கத்தை முடித்து, பெரியவர்களை அங்கே குடிவைத்துவிட்டு, அப்புறம் முன்கட்டுக் கூரையைப் பிரிப்போம். ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியாக வேண்டும். இந்த வருடமே முடிக்க நினைப்பவர்கள் மாசிக்குள் திறந்து பார்க்க நாள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கேட்பவர்களுக்குக் கொல்லைப் பகுதியை மட்டும் இந்த வருடம் எடுத்துக்கொண்டு, முன்கட்டை அடுத்த தைக்குத் தள்ளிவைப்போம். கழற்றிய கதவு, நிலை, தேக்குக் கட்டை எல்லாம் உங்களுடையவை. எண் போட்டு அடுக்கித் தருகிறோம், வைக்க மழை படாத ஓர் இடம் மட்டும் காட்டுங்கள்.

அன்புடன்,
கட்டுமானப் பிரிவு,
கும்பகோணம்