பாப்பாவுக்கு, ஸ்டுட்கார்ட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நான் நலம். தாத்தா, பாட்டி, அண்ணன், அண்ணி, சின்னவன் எல்லாரும் நலம்தானே?

தீபாவளிக்கு முன்னாலேயே எழுதுகிறேன் என்றவள் பொங்கல் போயும் எழுதவில்லை என்று கோபித்திருக்கிறாய். கோபம் நியாயம்தான். போனில்தான் பேசுகிறோமே என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் போனில் நீ எங்கே பேசுகிறாய்? பக்கத்தில் உன் அம்மா, பின்னால் பாட்டி, அதற்குள் சின்னவன் பிடுங்கிவிடுவான்.

"என் வயசுல நீங்க இருந்தீங்களே அத்தை, அந்தப் பொண்ணுகிட்ட இப்பப் பேச முடிஞ்சா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டிருக்கிறாய். இது தமிழ் மிஸ் கொடுத்த கட்டுரைக்கா, உனக்கேவா என்று எழுதவில்லை. எதற்கானாலும் சரி, சொல்கிறேன். அதற்கு முன் இங்கத்திய கதை. இல்லாவிட்டால் பாட்டி விடமாட்டாள்.

இங்கே ஜெர்மனியில் குளிர்தான். காலை எட்டுக்கு மேல் விடிகிறது, சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டு. இந்தக் குளிரிலும் தினமும் ஜன்னலை அகலத் திறந்து கொஞ்ச நேரம் காற்று விடணுமாம். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்து ஹீட்டர் போட்டு, அந்தச் சூட்டை வெளியே அனுப்புவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார், முருங்கைக்காய்கூட உண்டு. நான் பெரும்பாலும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு. பொங்கலன்று ஜவ்வரிசிப் பாயசம் வைத்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தாய்லாந்துச் சரக்கு! குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் சேகோ பேக்டரிக்கும் நடுவில் வளர்ந்தவள் தாய்லாந்து ஜவ்வரிசியில் பாயசம் குடித்தாள் என்று ஆத்தூர் மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

கீழ் வீட்டுக் கிழவியைப் பற்றிப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் மாடிப்படி பெருக்க வீட்டுக்கு ஒரு வாரம் முறை, கேர்வோஹே என்று பெயர். நம் முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். பெருக்கித் துடைத்துவிட்டு அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டணும். நான் துடைத்துவிட்டு மேலே ஏறியதும் கிழவி கதவைத் திறந்து கைப்பிடியில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் கட்டையில் தலையணை போட்டு, அதில் முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நம் சேலம் குகைப் பகுதி அத்தை திண்ணையில் உட்கார்வதை நினைத்துக்கொள். "சனி ஞாயிறுகூட வேலையா உனக்கு?" என்று அதட்டுவாள். ஆள் குறைவு, கேட்டார்கள், போகிறேன், அவ்வளவுதான்.

இங்கே காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் பல வகைப் பாட்டில்களில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். கிழவி தன் பாட்டில்களைப் பையில் கட்டி என் வாசலில் வைத்துவிடுகிறாள். முழங்கால் வலியாம், கடைவரை நடக்க முடியவில்லையாம். கடையைத் தாண்டி இருக்கிற சர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய் வருகிறாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை. ஒரு பை பாட்டிலுக்கு ரொட்டி வந்துவிடும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண் அம்மாப்பேட்டை மெயின் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும்போது ஊரே தன்னைப் பார்க்கிறது என்று நினைப்பாள். கன்னத்துப் பருவைப் பார்க்கிறார்கள், தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிச் சாயம் ஒட்டின விரலைப் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் கையை மடக்கியே வைத்திருப்பாள். ஏற்காட்டுக்கு டூர் போனபோது 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வண்டியை நிறுத்தச் சொன்னால் மானம் போய்விடுமாம். அவளிடம் முதலில், "ஒருத்தரும் உன்னைப் பார்க்கவில்லை, வண்டியை நிறுத்தச் சொல்லடி" என்பேன். நர்சிங்கில் சைக்காலஜி பாடத்தில் இது வந்தது. டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்கர் 1967-இல் எழுதியது. வளரும் வயதில் எல்லாருக்கும் ஒரு கற்பனைக் கூட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுமாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வகுப்பில் அத்தனை பேரும் அவரவர் பருவைத்தானே நினைத்துக்கொண்டிருந்தோம்! என்னை நிஜமாகவே கவனிக்கிறவள் இந்தக் கிழவி ஒருத்திதான்.

அடுத்தது தூக்கம். இதை உன் அம்மாவிடம் காட்டு. உன் வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பிந்தி ஓடும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. அது சோம்பேறித்தனம் இல்லை. 13-லிருந்து 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்கணும். அதற்காகப் பன்னிரண்டு மணிவரை போன் பார்க்க நான் அனுமதி கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளாதே. பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் அந்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கு, கையோடு டீ குடிக்காதே, சத்து ஒட்டாது. ராகி, கீரை, பால் எதையும் தள்ளாதே. எலும்பு பலத்தில் பெரும்பங்கு 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறவர்களைத் தினமும் திருப்பிப் படுக்க வைக்கிறவள் சொல்கிறேன்.

மார்க்கைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். இங்கே என் கணக்கு மார்க்கை ஒருவரும் கேட்கவில்லை. பெயரைத்தான் கேட்டார்கள். சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்து, அதற்கு எத்தனை பத்திரம்! இனிஷியலை விரித்ததில் தாத்தா பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. வார்டில் எல்லாரும் தாத்தா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், அவரிடம் சொல், சிரிப்பார். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

இன்னொன்றும் உண்டு. தாத்தா சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க முதலாளி வீட்டுக்குப் போவாரே, கூடவே போ என்று அவளிடம் சொல்வேன். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. முன்பணத்தில் எவ்வளவு கழித்தார்கள், பட்டு எடையில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு தாளை எப்படிப் படிப்பது என்று அப்போதே தெரிந்திருக்கும். இங்கே சம்பளச் சீட்டில் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று வரிசையாகப் பிடித்தம். போன மாதம் வருஷக் கணக்கு பார்த்து ஹீட்டருக்குக் கூடுதலாகக் கேட்டார்கள், அதனால்தான் அனுப்பியது கொஞ்சம் குறைந்தது. நம் ஊர் நர்சிங் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ளும் அங்கீகாரத் தாள் வந்ததும் முழு நர்ஸ் சம்பளம். வந்துவிடும். உன் அப்பா கேட்டால் அப்படியே சொல்.

இவ்வளவும் எழுதியாயிற்று, கடைசிப் பக்கத்து ஓரத்தில் நீ எழுதிய ஒரு வரியை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். "பின்கட்டுத் தறியப் பிரிச்சாச்சு." யாரைக் கேட்டுப் பிரித்தார்கள் பாப்பா? நைட் டியூட்டியில் படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தைகள் போட்டிருப்போம், ராத்திரி முழுக்க அதன் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் மாதம் அந்தச் சத்தத்தில் நம் வீட்டுத் தறி கேட்டது. தாத்தாதான் தூக்கம் வராமல் நெய்கிறார் என்று அரைத்தூக்கத்தில் எழுந்தே விட்டேன். நெய்கிறவர் கால் வைக்கும் அந்தத் தறிக் குழியை மூடிவிட்டார்களா? சிமெண்ட் பூசியாயிற்றா? இந்த ஆடித் திருவிழாவுக்காவது வந்து குகையில் வண்டி வேடிக்கை பார்க்கணும், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தட்டுவடை செட் தின்னணும் என்று நினைத்திருந்தேன். டிக்கெட் விலை இறங்கட்டும், பார்ப்போம்.

இனி உன் அப்பாவுக்கு, படித்துக் காட்டு. அண்ணா, தறி மரத்தைப் பழைய மரக்கடைக்குப் போடாதே, தாத்தா இருக்கும்வரை பரணில் கிடக்கட்டும். ஊடை நூல் ஓட்டும் நாடாவை எனக்கு எடுத்து வை. பின்கட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தால் முதலில் பட்டாவைச் சரிபண்ணு, இன்னும் பெரிய தாத்தா பெயரில்தானே இருக்கிறது? சூரமங்கலம் சித்தப்பா கையெழுத்தில்லாமல் ஒன்றும் நடக்காது. என் கையெழுத்து வேண்டுமென்றால் மியூனிக்கில் இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்புகிறேன். அது ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிடணும், அலமாரியில் வைத்து மறந்துவிடாதே. தருமபுரி வரனைப் பற்றி அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டேன், மறுபடியும் வேண்டாம்.

பாட்டிக்குக் கண் ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை பார்த்தார்களா? முடிந்ததும் தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கவும் கூடாது. சொட்டு மருந்து உன் பொறுப்பு பாப்பா, உன் அம்மாவுக்குக் கை நடுங்கும். போடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு.

அன்புடன்,
அத்தை

பி.கு.: சித்தப்பாவிடம் பட்டா விஷயம் நான் எழுதியதாகச் சொல்லவேண்டாம். தாத்தா சொன்னதாகச் சொன்னால்தான் வருவார்.