மசில் கார் விற்பனை: பளபளப்பைவிடச் சான்றே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் பழைய, வலிமையான இன்ஜின் கொண்ட ‘மசில் கார்’களைப் புதுப்பித்து விற்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பெயிண்டின் பளபளப்பைப் பற்றியே அதிகம் பேசியது. அங்கே அத்தகைய கார் ஒன்றைப் புதுப்பித்து விற்றவன் என்ற முறையில், விலையைத் தீர்மானிப்பது பெயிண்ட் அல்ல, காகிதம் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

1964, 1965 ஆண்டுகளில் பான்டியாக் நிறுவனத்தின் ஜிடிஓ, தனி மாடலாக இல்லாமல், அதன் லெமான்ஸ் காருக்கான கூடுதல் தொகுப்பாகவே விற்கப்பட்டதால், வண்டியின் அடையாள எண்ணை மட்டும் வைத்து அது அசல் ஜிடிஓ என்று நிறுவ முடியாது. 1966 முதல்தான் ஜிடிஓ-வின் அடையாள எண் 242 என்று தொடங்கியது. 1970 செவ்ரோலே செவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) காரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 இன்ஜினுக்குக் கிடைக்கும் மதிப்பைக் கண்டு, சாதாரண செவெல்லில் எஸ்.எஸ். முத்திரையை ஒட்டி விற்பவர்களும் உண்டு.

என் காரின் பெட்ரோல் டேங்கைக் கழற்றியபோது, அதன் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்த, தொட்டால் நொறுங்கும் ஆலைத் தயாரிப்புத் தாளே (வண்டியில் எவையெல்லாம் பொருத்த வேண்டும் என்று ஆலையில் குறித்த தாள்) எனக்குத் துணை நின்றது. வாங்க வந்தவர் முதலில் செய்தது, பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்ததுதான். தடிமனாகப் பட்டி பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பட்டி பார்ப்பதற்கு முன் எடுத்த படங்களையும், இன்ஜின் மாற்றப்பட்டதென்ற உண்மையையும் நானே முன்வைத்தேன். விலை குறைந்தது, பேரம் அன்றே முடிந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்