தகாஸுர்: எதிரில் ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பொருளாசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குர்ஆனின் 102-வது அத்தியாயமான 'அத்தகாஸுர்' பற்றி ஆரம்பித்தவர், அதைப் பேராசை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பொருள் சேர்ப்பதே பாவம் என்கிற மாதிரி அறிவுரைக்குத் தாவிவிட்டார். எட்டே வசனங்கள்தான். ஆனால் விஷயம் அவ்வளவு சுருக்கமாக முடிவதில்லை.

தனியாக உட்கார்ந்து காசை எண்ணி எண்ணி வைக்கிறவனைப் பற்றி 104-வது அத்தியாயம் பேசுகிறது. தகாஸுருக்கோ எதிரில் இன்னோர் ஆள் வேண்டும். உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கிற போட்டி அது. 57-வது அத்தியாயத்தின் 20-வது வசனத்திலும், ஒருவருக்கொருவர் பெருமையடிப்பதைச் சொன்ன கையோடுதான் பொருளிலும் பிள்ளைகளிலும் தகாஸுர் என்று வருகிறது.

விரிவுரை நூல்களில் இதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். மக்காவின் குறைஷி குலத்தில் அப்து மனாஃப், சஹ்ம் என்ற இரண்டு கிளையாருக்குள் யார் பக்கம் ஆள் அதிகம் என்று தகராறு. எண்ணிப் பார்த்ததில் அப்து மனாஃப் பக்கம் கூடுதல். சஹ்ம் கிளையார் விடவில்லை. செத்தவர்களையும் கணக்கில் சேருங்கள் என்று கப்றுகள், அதாவது அடக்கக்குழிகள், இருக்கிற கப்றுஸ்தானுக்கே போய், இது எங்கள் ஆள், அது எங்கள் ஆள் என்று எண்ணினார்களாம். அப்போது அவர்கள் பக்கம் கூடிவிட்டது! 'கப்றுகளைச் சந்திக்கும் வரை' என்ற இரண்டாவது வசனத்துக்கு மரணம் வரும் வரை என்று பொருள் சொல்வதுண்டு. எனக்கென்னவோ இந்தச் சம்பவம்தான் அதிகம் உறைக்கிறது.

ஏழாம் நூற்றாண்டோடு போய்விட்ட சங்கதியும் இல்லை இது. குவைத்தில் சூக் அல் மனாக் என்று ஒரு பங்குச் சந்தை இருந்தது. அரசு அங்கீகரித்த சந்தைக்கு வெளியே, கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றில் நடந்தது. பெரும்பாலும் வேறு வளைகுடா நாடுகளில் பதிவான கம்பெனிகளின் பங்குகள். கையில் பணம் வேண்டியதில்லை, பின்தேதியிட்ட காசோலை போதும். உதாரணத்துக்கு, இன்று 100 தினார் விலையுள்ள பங்குக்கு அடுத்த வருடத் தேதியில் 150 தினாருக்குக் காசோலை எழுதிக் கொடுக்கலாம். அதற்குள் விலை 200 ஆகிவிடும் என்ற தைரியம். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டாரே என்று இவரும், இவர் வாங்கிவிட்டாரே என்று மைத்துனரும் வாங்கினால் விலை ஏறத்தானே செய்யும்? 1982 ஆகஸ்டில் காசோலைகள் திரும்ப ஆரம்பித்தன. அரசு கணக்கெடுத்தபோது சுமார் 29,000 காசோலைகள், மொத்தம் ஏறத்தாழ 9,400 கோடி டாலர். எழுதிய தொகைக்கு ஈடான பணம் அந்த நாட்டிலேயே இருக்கவில்லை. கடனைத் தீர்த்துவைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

மற்றபடி, பொருளே கூடாது என்று மார்க்கம் சொல்லியிருந்தால் ஜகாத் என்ற கட்டாய தருமத்தை யாரிடம் போய் வாங்குவது? 85 கிராம் தங்கத்துக்கு ஈடான செல்வம் ஒரு வருடம் ஒருவர் கையில் இருந்தால் இரண்டரை சதவீதம் கொடுக்கவேண்டும் என்பது கணக்கு. வாரிசுகளுக்கு இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கே பிரித்துக் கொடுத்திருக்கிறது. சேர்ப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்துதான் இத்தனை சட்டமும். கட்டுரையாளர் இதில் ஒரு வரியாவது தொட்டிருக்கலாம்.

1982-இல் குவைத்தில் வேலை பார்த்த வாசகர்கள் உங்களுக்குக் கட்டாயம் இருப்பார்கள். மனாக் விழுந்த சமயத்தில் அவர்கள் முதலாளிகளின் கடைகளிலும் வீடுகளிலும் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லி ஓர் அறிவிப்புப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காயல்பட்டினம்.