கத்தி வேண்டாம் என்று காத்திருந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம். ஆசனவாய்ப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் இணைந்த சிகிச்சையை முடித்து, நோய் முழுவதும் கரைந்துவிட்டது என்ற செய்தியைப் பெற்றிருக்கும் நான், துணைநின்றவர்களுக்கு இம்மடல் வழியே நன்றி சொல்கிறேன். இந்நோயின் பெயரை உறவினரிடம்கூடச் சொல்லக் கூசி, 'வயிற்றில் ஏதோ கட்டி' என்று மழுப்பும் வழக்கம் நம்மிடம் இருப்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி கதிர்வீச்சுப் பிரிவின் டாக்டர் அம்மாவுக்கு. சிகிச்சை தொடங்கியதிலிருந்து 11ஆம் வாரத்தில் பரிசோதித்தபோது விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பு ஒன்று எஞ்சியிருந்தது. "உடனே வெட்டி எடுத்துவிடலாமே" என்று என் மகன் பதறினான். கதிர்வீச்சு பட்ட செல்களில் பல, பட்டவுடன் சாவதில்லை, அடுத்தடுத்துப் பிரிய முயலும்போதே மடிகின்றன என்று விளக்கிய அவர், பிரிட்டனில் 940 பேரிடம் நடந்த 'ஆக்ட் 2' ஆய்வில், 11ஆம் வாரத்தில் முழுதும் கரையாதிருந்தவர்களுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினருக்கு 26ஆம் வாரத்தில் கரைந்திருந்ததைக் காட்டி, கட்டி வளராதவரை காத்திருப்போம் என்றார். அந்த இடைக்காலத்தில் எங்கள் வீட்டில் எவருக்கும் சரியாகத் தூக்கமில்லை. ஆனால் அவர் சொன்னபடியே தடிப்பு மறைந்தது.

கீமோ பிரிவின் செவிலியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் நாள் மைட்டோமைசின் என்ற கீமோ ஊசியும், முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் நான்கு நாள் இடைவிடாது இறங்கிய ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தும் என் இரத்த வெள்ளணுக்களைக் குறைத்தபோது, காய்ச்சல் கண்டால் இரவென்றும் பாராமல் அழைக்கச் சொன்னவர்கள் அவர்கள். 28 அமர்வுகளில் 50.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு; பாதி அமர்வுகள் கடந்தபின் தோல் வெந்து, மலம் கழிப்பதே தண்டனையாயிற்று. இளஞ்சூட்டு நீரில் உட்கார்ந்து, துடைக்காமல் ஒற்றியெடுத்துக் களிம்பு தடவ என் மனைவிக்குச் சொல்லித்தந்த மூத்த செவிலியரையும், வேகத்தடை வரும் முன்பே "அய்யா, கொஞ்சம் எம்பிக்குங்க" என்று எச்சரித்து ஓட்டிய ஆட்டோக்காரத் தம்பியையும் மறக்க இயலாது.

நான் பார்த்திராத ஒருவருக்கும் நன்றி உண்டு. 1970களுக்கு முன் இந்நோய்க்கு ஆசனவாயையும் மலக்குடலையும் அகற்றி, வயிற்றில் நிரந்தரத் துளையிட்டு மலம் சேரும் பை பொருத்துவதே வழக்கமான சிகிச்சை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் அறுவை மருத்துவர் நார்மன் நிக்ரோ, அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கவே கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தார். 1974இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் இருந்த மூன்று நோயாளிகளுள் இருவருக்கு வெட்டியெடுத்த திசுவில் புற்றே இல்லை. மூன்றாமவரோ அறுவையே வேண்டாம் என்று மறுத்துவிட்டு நலமாக இருந்தார். பெயர் தெரியாத அந்த மறுப்பாளரின் பிடிவாதத்துக்கு என்னைப் போன்றோர் எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறோம்!

எல்லோருக்கும் இவ்வாறே அமைவதில்லை என்பதை அறிவேன். கரையாதவர்க்கும் திரும்ப வந்தவர்க்கும் அறுவையே கைகொடுக்கிறது. அந்தப் பையை அணிந்தபடியே காத்திருப்பு அறையில் எனக்கு அருகில் அமர்ந்து, அதை எப்படி மாற்றுவது என்று சட்டையை விலக்கிக் காட்டித் தைரியம் சொன்ன பெரியவருக்கும், தேவைப்பட்டால் செய்யத் தயாராக இருந்தும் அவசரப்படாத அறுவை மருத்துவருக்கும் என் வணக்கம். தொடர் பரிசோதனைகள் இன்னும் சில ஆண்டுகள் உண்டு. அடுத்த மாதம் அதே அறையில் உங்களைச் சந்திக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி