நெருக்கடிக் காலத்து ஆவணப்படங்கள்: டப்பாவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 25 நெருங்கும்போது நெருக்கடி நிலை (1975–77) பற்றிய கட்டுரைகள் வருகின்றன. மிசா கைதுகள், பத்திரிகைத் தணிக்கை, சிறைக் கொடுமைகள் எல்லாம் நினைவுகூரப்படுகின்றன. அந்த ஆண்டுகளிலும் அவற்றையொட்டியும் போராட்டக் களத்தில் நின்று எடுக்கப்பட்ட ஆவணப்படங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. 16 மி.மீ. சுருள்களாகவும் வீடியோ கேசட்டுகளாகவும் வீட்டுப் பரண்களிலும், தொழிற்சங்க அலுவலகங்களிலும், மூடிப்போன ஃபிலிம் சொசைட்டிகளின் பீரோக்களிலும் அவை கிடக்கின்றன. அவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1974-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைப் பற்றி கௌதம் கோஷ் எடுத்த 'ஹங்ரி ஆட்டம்' (Hungry Autumn), பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் நடந்த இயக்கத்தைப் பற்றிய ஆனந்த் பட்வர்தனின் 'கிராந்தி கி தரங்கேன்' (1975), அரசியல் கைதிகளைப் பற்றி அவரே எடுத்த 'ஜமீர் கே பந்தி' (1978) ஆகியவை அந்தக் காலத்துப் படங்கள். பெங்களூரில் 1980-ல் தீபா தன்ராஜ், ஆபா பையா, நவ்ரோஸ் கான்ட்ராக்டர், மீரா ராவ் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய யுகாந்தர் குழு, அடுத்த மூன்று ஆண்டுகளில் நான்கு படங்கள் எடுத்தது: புனேயின் வீட்டு வேலைத் தொழிலாளர்கள், நிப்பாணியின் புகையிலைத் தொழிற்கூடப் பெண்கள், ஐதராபாத்தில் குடும்ப வன்முறை, இமயமலையில் மரங்களைக் காக்க நடந்த சிப்கோ இயக்கம். பெர்லினிலுள்ள அர்செனல் திரைப்பட நிறுவனம் அந்த நான்கையும் டிஜிட்டலில் மீட்டெடுத்திருக்கிறது. அதனால்தான் இன்றைய மாணவர்கள் அவற்றைப் பார்க்க முடிகிறது. ஆனால் அப்படி ஒரு நிறுவனத்தின் கவனம் எல்லாப் படத்துக்கும் கிடைத்துவிடவில்லை.

காலக்கணக்கைப் பாருங்கள். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1975-ல் வெளியான படம் 2035 முடிய யாரோ ஒருவரின் உரிமை. 1983-ல் வெளியான படத்துக்கு 2043 வரை. 16 மி.மீ. ஃபிலிமோ பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் மாறாமல் இருக்கும் அறையில் வைத்தாலே, புதிய அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்க சுமார் 40 ஆண்டுகள்தான் ஆகும் என்பது அமெரிக்காவின் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆய்வு. சென்னையிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ ஒரு சாதாரண அறை அதைவிட வெகு மோசம். ஆக, உரிமைக்காலம் முடிந்து படம் பொதுச்சொத்தாகும் நாளில் படமே இருக்காது. அதனால் உரிமை உள்ளவர்கள் இப்போதே எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும், சுருள் வைத்திருப்பவர்கள் இப்போதே அதைச் சோதிக்க வேண்டும்.

டப்பாவைத் திறந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிதைவில் வெளிவரும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. அந்த ஆவி பக்கத்து டப்பாக்களையும் கெடுக்கும் என்பதால் வாடை அடிக்கும் சுருளை உடனே தனி அறைக்கு மாற்றுங்கள். வாடை தெரியாதபோதும் உள்ளே அமிலம் இருக்கலாம். அதைக் காட்ட ஏ-டி ஸ்ட்ரிப் என்ற காகிதப் பட்டை உண்டு. மூடிய டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் நீலத்திலிருந்து பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறும். நிற அட்டையில் 1.5-ஐத் தொட்டுவிட்டால் அதன் பிறகு சிதைவு வேகமெடுக்கும். படச் சுருள்களில் முதலில் ஸ்கேனுக்கு (டிஜிட்டல் நகலெடுக்க) அனுப்ப வேண்டியவை இவைதான்.

பழைய ஃபிலிம் என்றாலே தீப்பிடிக்கும் என்று பயந்து தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த பயம் எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் ஃபிலிமுக்கு உரியது. 16 மி.மீ. ஃபிலிம் 1923-ல் அறிமுகமான நாளிலிருந்தே பாதுகாப்பான அடித்தளத்தில்தான் வருகிறது. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கும். அதேபோல, கறுப்பு வெள்ளை ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிற வியாபாரிகளுக்கு எடைக்குப் போடாதீர்கள். இப்படி எத்தனையோ படங்களின் கடைசிப் பிரதி போயிருக்கிறது.

எந்தக் காரணத்துக்காகவும் முதலில் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாள்பட்ட ஃபிலிம் சுருங்கியிருக்கும். புரொஜெக்டரின் பற்களுக்கும் ஓரத் துளைகளுக்கும் பொருந்தாமல் போய்க் கிழியும். சுருக்கத்தை வீட்டிலேயே அளக்கலாம். பிரிண்ட் ஃபிலிமில் (திரையிடும் பிரதியில்) ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 7.62 மி.மீ. ஆகவே 100 துளை இடைவெளிகளின் நீளம் 762 மி.மீ. இருக்க வேண்டும். ஃபிலிமைத் தட்டையான மேசையில் இழுக்காமல் படுக்கவைத்து ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 756-க்குக் கீழே இருந்தால் புரொஜெக்டரை மறந்துவிட வேண்டியதுதான். பற்சக்கரம் இல்லாமல் உருளைகள் மேல் ஓடும் ஸ்கேனர்தான் அதற்கு ஏற்றது. சுருளைச் சோதிக்கக் கையால் சுற்றும் ரீவைண்டர் போதும். கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். செல்லோ டேப்பால் போட்ட பழைய ஒட்டுகளில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்தால் படம் பதிந்திருக்கும் பூச்சான எமல்ஷனும் கூடவே வரும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்ணீர் படவே கூடாது.

கிழிந்த இடத்தை வெட்டியெறிந்து ஒட்டும் பழக்கம் இன்னொரு தவறு. ஒலித்தடம் உள்ள 16 மி.மீ. பிரிண்டில் ஒலி படத்தைவிட 26 ஃபிரேம் முன்னால் இருக்கும். ஓரிடத்தில் படத்தை வெட்டினால் ஒரு விநாடிக்கு மேல் தள்ளி வேறொரு காட்சியின் பேச்சு வெட்டுப்படும். கிழிசலை அப்படியே வைத்து, ஃபிலிமுக்கென்றே உள்ள ஒட்டு நாடாவால் சேர்ப்பதுதான் சரி. ஒலி தனி மேக்னடிக் (காந்தப் பூச்சு) சுருளில் இருந்தால் அதுதான் இருப்பதிலேயே முதலில் டிஜிட்டலாக வேண்டியது. அதன் இரும்பு ஆக்சைடு பூச்சு அசிடேட் சிதைவை விரைவுபடுத்துகிறது. படம் நன்றாக இருந்து ஒலி மட்டும் செத்துப்போவது இப்படித்தான்.

துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றிப் படுக்கைவாட்டில் அடுக்குங்கள். பாச்சை உருண்டை, பிளாஸ்டிக் பை, செய்தித்தாள் எதுவும் உள்ளே வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரணும் தரையை ஒட்டிய அலமாரியும் ஆகாத இடங்கள். குளிரறையில் வைக்க வசதியிருந்தால் நல்லது. ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காமல், மூடியபடி ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். இல்லையென்றால் ஃபிலிமின் மேல் நீர் கோக்கும்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது ஒரு எம்.பி.4 கோப்பு மட்டும். அது பார்ப்பதற்கான நகலே தவிர பாதுகாப்பு நகல் அல்ல. குறைந்தது 2கே தரத்தில் (சுமார் 2,000 புள்ளி அகலம்), ஒவ்வொரு ஃபிரேமும் தனிக் கோப்பாக வரும் 10 பிட் டி.பி.எக்ஸ். படங்களாக, ஃபிரேமின் ஓரமும் துளையும் தெரியும்படி, நிறம் திருத்தாத மூல ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 12.7 எம்.பி. வரும், ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 1.1 டி.பி. இடம் வேண்டும். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 24 பிட்டில் வாங்குங்கள். தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள நீளத்தைச் சுருளின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 16 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். அரைமணி நேரப் படம் 1,080 அடி இருக்க வேண்டும். குறைந்தால் எந்தப் பகுதி காணவில்லை என்று தேட ஒரு பிடி கிடைக்கும்.

'மீட்டெடுப்பு' என்ற பெயரில் படத்தை வழவழப்பாக்குவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். 'கிராந்தி கி தரங்கேன்' படத்தின் ஒரு பகுதி சூப்பர் 8 என்ற 8 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அதைத் திரையில் ஓடவிட்டு 16 மி.மீ. கேமராவால் மறுபடி படம்பிடித்தார்கள். அந்த மினுக்கலும் பரபரத்த துகள்களும் கையில் காசில்லாமல், கெடு தாண்டிய ஃபிலிமில் வேலை பார்த்ததன் தடயம். நெருக்கடி நிலையின்போது அந்தப் படத்தின் பிரதியைத் துண்டுதுண்டாக வெட்டி வெவ்வேறு ஆட்கள் மூலம் வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே சேர்த்து ஒட்டினார்கள். அப்படிப்பட்ட ஒட்டுத் தழும்பை மென்பொருளால் அழிப்பது சரித்திரத்தை அழிப்பதாகும். தூசியையும் பின்னாளில் விழுந்த கீறலையும் நீக்குங்கள், படம் பிறந்தபோதே இருந்ததைத் தொடாதீர்கள்.

வீடியோவின் நிலை ஃபிலிமைவிட அவசரமானது. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தொழிலாளர் ஊர்வலத்தின்போது நேர்ந்த தாமிரபரணிச் சாவுகளைப் பற்றிய 'நதியின் மரணம்' வந்த காலத்தில் தமிழ்நாட்டில் போராட்டப் பதிவுகள் பெரும்பாலும் வீடியோவுக்கு மாறிவிட்டன. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெண்மையாகப் பூஞ்சை தெரியலாம். அதை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட் அடைபடும், நாடா கிழியும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். யூ-மேட்டிக் என்ற பழைய வகை வீடியோ கேசட்டின் நாடா சில நேரம் பிசுபிசுத்துக் கிறீச்சிடும். ஈரத்தால் பூச்சின் பசை சிதைந்ததே காரணம். 50 டிகிரி வெப்பத்தைச் சற்றுத் தாண்டி, சீரான சூடு தரும் ஆய்வகப் பெட்டியில் பல மணி நேரம் வைத்தால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். சமையலறை அவனில் இதைச் செய்யவே கூடாது. மினி டி.வி. (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்டை ஃபயர்வயர் என்ற கணினி இணைப்பு வழியாக எடுத்தால் மணிக்கு 13 ஜி.பி. அளவில் மூலப் பதிவு அப்படியே கிடைக்கும். அந்த வாயிலுள்ள கணினிகள் அருகிவருவதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோப்புகள் மூன்று பிரதிகளாக இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் எம்.டி.5 கையொப்பம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் அடையாளக் குறியீடு) எடுத்துவைத்து ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஒரே ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். 'யூடியூபில் இருக்கிறதே' என்ற நிம்மதி பொய். அங்கே இருப்பது சுருக்கப்பட்ட நகல். யாரோ ஒருவர் புகார் கொடுத்தால் அதுவும் போய்விடும்.

பகிர்வதற்கு அனுமதி தேவை. சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். கூட்டாக எடுத்துக் கலைந்துபோன குழுக்களில் அது யார் என்பதே சிக்கல். உயிரோடு இருக்கும் எல்லா உறுப்பினர்களும், மறைந்தவர்களின் வாரிசுகளும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டால் போதும். பாதுகாப்பு நகல் எடுக்கலாமா, கட்டணமின்றித் திரையிடலாமா, இணையத்தில் வைக்கலாமா, வசன மொழிபெயர்ப்பு சேர்க்கலாமா என்ற நான்கும் தனித்தனியாக அதில் இருக்கட்டும். படத்தில் வரும் பாடல்களுக்கு வேறு உரிமையாளர் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள டிஜிட்டல் அல்லாத பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. சேமிக்கத்தான் இது உதவும், இணையத்தில் ஏற்ற உதவாது.

சட்டம் கேட்காத ஓர் அனுமதியும் இருக்கிறது. அடியை, சிறையை, வீட்டுக்குள் நடந்த கொடுமையைக் கேமரா முன் சொன்னவர்கள், ஓர் ஊரில் ஒரு திரையிடலுக்காகச் சொன்னார்கள். உலகம் முழுக்கக் கைப்பேசியில் பரவும் என்று நினைத்துச் சொல்லவில்லை. முடித்த படத்தை இணையத்தில் வைக்கலாம். தொகுப்பில் சேராத மூலப் பதிவுகளை, அதில் இருப்பவர்களையோ குடும்பத்தையோ கேட்காமல் வைக்கக் கூடாது.

மராத்தியிலும் தெலுங்கிலும் இந்தியிலும் உள்ள இந்தப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுத இளைஞர்கள் முன்வர வேண்டும். வசனத்தைப் படத்தின் மேல் பதிக்காமல் தனி எஸ்.ஆர்.டி. (வசன வரிகளும் நேரமும் கொண்ட எழுத்து) கோப்பாக, தமிழ் எழுத்துகளை ஏற்கும் யு.டி.எஃப்.-8 குறியீட்டில் வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே வரியைச் சுருக்கி, திரையில் நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் நகலுக்கு எழுதிய வசனத்தை 24 ஃபிரேம் நகலோடு சேர்த்தால் அரைமணி நேரப் படத்தின் முடிவில் ஒரு நிமிடத்துக்கும் மேல் விலகிவிடும். திரையிடலுக்கு முன் கடைசி ஐந்து நிமிடங்களையும் ஓட்டிப் பாருங்கள்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பற்சக்கரமில்லாத ஒரு 16 மி.மீ. ஸ்கேனரும், யூ-மேட்டிக், மினி டி.வி. (MiniDV) பிளேயர்களும், ஒரு சிறிய குளிரறையும் அமைத்து, பொதுமக்கள் கொண்டுவரும் சுருள்களைக் கட்டணமின்றிச் சோதித்துத் தர ஏற்பாடு செய்ய வேண்டும். 2017-ல் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் சென்னையில் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறை நடத்தியது. கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், வேலை செய்யக் கருவிதான் இல்லை. அதுவரை, சுருள் வைத்திருப்பவர்கள் டப்பாவுக்குள் இருக்கும் துண்டுக் காகிதம், லேப் ரசீது, கையால் எழுதிய லேபிள் எதையும் எறிந்துவிட வேண்டாம். யார், எங்கே, எப்போது எடுத்தார்கள் என்பதற்குப் பல படங்களில் அது மட்டும்தான் ஆதாரம்.

இப்படிக்கு,
திரைச்சுருள் பராமரிப்புப் பணியில் இருப்பவர்கள்,
சென்னை