34 சதவீதத்தில் அணைந்த போன்

ஏற்காடு
ஞாயிறு ராத்திரி

மாப்ளே,

தீபாவளிக்கு அப்புறம் நான் பேசவே இல்லைன்னு உனக்குக் கோபம்னு தெரியும். தங்கச்சி கொடுத்துவிட்ட தட்டுவடை வந்து சேர்ந்துச்சு. காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கல, அதை நேர்ல புலம்பிக்கிறேன். இது போன் விஷயம்.

ஐபோன் 17 வாங்கின நாள்லருந்து நீயும் மாத்துடான்னு அரிக்கிற. நீ வாங்கினப்ப 82,900 ரூபாய். மிளகு வித்த காசு கையில இருந்துச்சு, நானும் கிளம்பற மாதிரிதான் இருந்தேன். அதுக்குள்ள ஒண்ணு நடந்துபோச்சு.

மார்கழியில ஒரு ராத்திரி, மணி ரெண்டு. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. என் வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தா. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். போன்ல 34 சதவீதம் சார்ஜ் காட்டுச்சு. 108 போட்டு அழுத்தினேன், அணைஞ்சுபோச்சு. அப்புறம் உயிரே வரல. அவரைத் தனியா விட்டுட்டு இருட்டுல மேட்டு வீட்டுக்கு ஓடினேன்டா. அவங்க ஜீப்புல இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் சேர்ற வரைக்கும் அவர் கையை நான் விடல. இப்ப நல்லா இருக்கார், பயப்படாதே. அன்னைக்கே உனக்குச் சொல்லாதது தப்புதான்.

ஏன் அணைஞ்சுச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல. தேடித் தேடிப் படிச்சேன். போன் 2019ல வாங்கினது. லித்தியம் பேட்டரி பழசானா உள்ளே தடை ஏறிடுமாம், குளிர்ல இன்னும் ஏறுமாம். கிணத்து மோட்டார் போட்டதும் பல்பு மங்குமே, அதே கதைதான். திடீர்னு கரண்ட் இழுத்தா வோல்டேஜ் இறங்கிடுது, போன் தானா அணைஞ்சுக்குது. இங்க சிக்னல் வேற ஒரு கோடுதான். டவரை எட்டிப் பிடிக்க போன் இன்னும் பலமா அலை அனுப்பணும், இழுவை கூடுது.

உன் போன்ல டவர் இல்லாத இடத்துலயும் சாட்டிலைட் வழியா உதவி கேக்கலாம்னு படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன். இன்னும் கீழ படிச்சா, அந்த வசதி இந்தியாவுல இல்லை. மிச்சம் இருக்கிறது 120 ஹெர்ட்ஸ் திரையும் 48 மெகாபிக்சல் கேமராவும். காபி பூக்கிற வாரத்துக்கு அந்தக் கேமரா வேணும்னு ஆசையா இருக்கு, பொய் சொல்லல. ஆனா அதுக்குள்ளயும் இதே லித்தியம்தானே? நாலஞ்சு மார்கழி போனா அதுக்கும் வயசாகும்.

ஒத்தைப் போனை நம்பி அவரை வெச்சிருந்தேன் பாரு, அதுதான்டா என்னைக் குடையுது. அதனால பழைய போனுக்கு சேலம் அஞ்சு ரோட்டுல புது பேட்டரி மாத்திட்டேன். வீட்டுக்கு பிராட்பேண்ட் இழுத்தாச்சு. சிக்னல் இல்லைன்னாலும் வைஃபை வழியா கால் போகுது. அப்பா தலைமாட்டுல ஒரு பட்டன் போன், வேற கம்பெனி சிம்மோட. உன் ஐபோன் அடுத்த வருஷம் பாக்கலாம்.

அப்பா தினமும் படுக்கும்போது அந்தப் பட்டன் போன்ல எனக்கு ஒரு மிஸ்டு கால் விட்டுப் பாத்துக்கறார். உன் நம்பரையும் அதுல போட்டுக் கொடுத்திருக்கேன். அடிச்சா எடு.