தனி ஆள் டென்ட்: எதற்கு டிக் போடுவது, எதை விட்டுவிடுவது

அன்புள்ள தங்கைக்கு,

டென்ட் ஆர்டர் படிவத்தில் கூடுதல் வசதிகளுக்கு நீ டிக் போட்டு அனுப்பியதைப் பார்த்தேன். "ஒவ்வொன்றும் 20 கிராம், 30 கிராம்தானே" என்று கூடவே எழுதியிருக்கிறாய். அப்படியே சேர்த்துக்கொண்டு போனால் 700 கிராம் டென்ட் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். அந்த 700-இலும் முளை (தரையில் அடிக்கும் ஆணி), கயிறு, உறை சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். பல இடங்களில் சேர்க்காமல்தான் போடுகிறார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் அடித்துவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு டிக்குக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்: இது தைத்தே வரவேண்டியதா, பிறகு நாமே கட்டிக்கொள்ளக்கூடியதா? முதல் வகையை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவதற்கு அவசரமில்லை, நாலு தடவை தங்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

நீ விட்டுவிட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சுவரின் நடுவில் தைத்துத் தரும் கூடுதல் கயிற்று வளையங்கள். ட்ரெக்கிங் போலை (மலையேறும்போது ஊன்றும் கம்பை) நட்டுக் கட்டும் டென்டில் துணி உச்சியிலிருந்து தரைக்குச் சரிந்து வருகிறது. அந்தச் சரிவின் நடுப்பகுதிக்குப் பிடிமானமே கிடையாது. பக்கக்காற்று அங்கேதான் உள்ளே அமுக்கும். கால்மாட்டில் துணி தாழ்ந்து ஸ்லீப்பிங் பேக்கில் உரசும், சுவரில் கோத்திருக்கும் ஈரமெல்லாம் பேக்குக்கு ஏறும். வளையம் ஒன்று சில கிராம்தான். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே: சிலிக்கான் பூசிய துணியில் சிலிக்கான் பசை தவிர வேறு எதுவும் சரியாக ஒட்டாது. அடியில் ஒட்டுத்துணி வைக்காமல் தைத்தாலோ, காற்று இழுக்கும்போது ஊசித்துளையிலிருந்தே கிழியத் தொடங்கும். கால்மாட்டில் ஒன்று, அகலமான இரண்டு சுவரிலும் ஒவ்வொன்று, ஆக மூன்று போதும்.

கட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வளையத்திலிருந்து கயிற்றை நேராகத் தரைக்கு இழுத்தால் சுவர் கீழே இறங்குமே தவிர வெளியே வராது. முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியை ஊன்றி, அதன் தலையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம் முளைக்குக் கொண்டுபோ. இழுப்பு படுக்கைவாட்டில் விழும், உள்ளே கால் நீட்ட இடம் கிடைக்கும்.

துணியில் மூன்று வகை கொடுத்திருக்கிறார்கள். சில்நைலான் (சிலிக்கான் பூசிய நைலான்) நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது ராத்திரி மழையில் தொய்ந்துவிடும், படுக்கும் முன் ஒருமுறை இறுக்கியாக வேண்டும். சில்பாலி (சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர்) அந்த அளவுக்கு நீளாது. கிழிவைத் தாங்குவதில் மட்டும் அதே தடிமனுள்ள நைலானைவிடக் கொஞ்சம் பின்தங்கும். டைனீமா காம்போசிட் (வலுவான இழைகளைப் பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே வைத்த துணி) தண்ணீர் குடிக்காது, நீளாது, எடையும் குறைவு. ஆனால் விலை எங்கேயோ போய் நிற்கும், கூரான எதுவும் பட்டால் ஓட்டை விழும், சுருட்டினால் பருமனாக இருக்கும். துளியும் நீளாது என்பதால் முளை கொஞ்சம் இடம் பிசகினாலும் சுவரில் சுருக்கம் விழும். முதல் டென்டுக்கு சில்பாலி போதும் என்பது என் கட்சி.

வெளிக்கதவு ஜிப்புக்கு 3-ஆம் எண்ணா, அதைவிடப் பெரிய 5-ஆம் எண்ணா என்று கேட்டிருப்பார்கள். சில கிராமுக்காக 3-க்குப் போகாதே. ஜிப் கெடுவது பெரும்பாலும் பல்லில் இல்லை, பல்லைப் பூட்ட நாம் இழுக்கும் ஓட்டியில்தான். மணல் அரைத்து அதன் வாய் அகன்றுவிடும். அப்புறம் ஓட்டி போகும் வரும், பின்னால் பல் மட்டும் பூட்டாது. ஓட்டியின் பின்முனை இரண்டையும் இடுக்கியால் லேசாக அமுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். பலமாக அமுக்கினால் உடைந்துவிடும். கதவின் அடியில் தனியாகக் கொக்கி உண்டா என்றும் கேள். இழுவையைக் கொக்கி வாங்கிக்கொண்டால்தான் ஜிப் நெடுநாள் வரும்.

இரண்டாவது கதவு வேண்டாம். பாக்கெட்டுகள் வேண்டாம், தலைமாட்டில் ஒன்று போதும். விளக்கு மாட்டும் வளையத்துக்குப் பதில் ஒரு துண்டுக் கயிறு போதும்.

காற்றுத் துவாரத்துக்கு நீ போட்ட டிக் சரிதான், ஆனால் அது ஒன்றே ஈரத்தைத் தீர்த்துவிடும் என்று நம்பாதே. மூச்சில் வரும் ஈரம் குளிர்ந்த சுவரில்தான் படியும். வானம் தெளிந்து காற்றே இல்லாத இரவில், அதுவும் நீர்நிலைப் பக்கம், எந்த டென்டும் வியர்க்கும். மேலே துவாரம் இருந்தாலும் கீழே காற்று நுழைய வழி வேண்டும். தரைவரை இறங்கும் வெளித்துணியை நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். சாரல் குறையும், ஈரம் கூடும். பனியும் புயலும் உன் திட்டத்தில் இல்லையென்றால் அடியில் ஒரு சாண் இடைவெளி விடும் வெட்டே நல்லது. உள்கூடு முழு வலையா, பாதி துணியா என்பதும் இதையொட்டியதே. மணலும் குளிர்காற்றும் உள்ள இடத்துக்குப் பாதி துணி, மற்ற இடத்துக்கு வலை.

தரைத்துணியின் ஓரம் 10 முதல் 15 செ.மீ. வரை எழும்பி நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே. தனி அடிவிரிப்புக்கான டிக்கை எடுத்துவிடு. குளிர் தடுக்க ஜன்னலை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிக்கொண்டால் போதும். எல்லாப் பக்கமும் தரையைவிட இரண்டு விரல் உள்ளே இருக்கும்படி வெட்டு. வெளியே நீண்டால் மழைநீரை ஏந்தி உனக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

போலுக்குப் பதிலாக நடும் கார்பன் கம்பம் வாங்குவதற்கு முன் உன் ட்ரெக்கிங் போலை அளந்து பார். இந்த டென்டுக்கு 125 செ.மீ. வேண்டும். நடக்க 110 வைத்துக்கொள்கிறாய் என்பது பிரச்சினையில்லை, 125 வரை நீளுமா என்பதே கேள்வி. நீளம் மாறாத மடக்குப் போல் என்றால் பொருந்தாது. டென்டை நட்டபடி விட்டுவிட்டு, போலை எடுத்துக்கொண்டு சிகரம் ஏறப்போகிறாய் என்றாலும் தனிக் கம்பம் வேண்டியதுதான். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடு.

முளையில் மெல்லிய டைட்டானியம் கொக்கி வகையை மட்டும் நம்பாதே. இளகிய மண்ணில் திரும்பிக்கொண்டு கயிற்றை விட்டுவிடும். முக்கிய இழுவை விழும் இடங்களுக்கு ஒய் வடிவ அலுமினிய முளை வாங்கு. கயிற்றை மெலிதாக்கும்போது இறுக்கும் பக்கிளையும் பார்: 3 மி.மீ. கயிற்றுக்குச் செய்த பக்கிளில் 2 மி.மீ. கயிறு வழுக்கும்.

கடைசியாக, தையலுக்குப் பூச்சு அவர்களே போட்டுத் தருவதாக ஒரு டிக் இருக்கிறது. அதை நீயே செய்யலாம். நிறமில்லாத சுத்த சிலிக்கான் சீலண்டை மினரல் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) எண்ணெய்ப் பதத்துக்குக் கரைத்து, டென்டை வெளியே விறைப்பாகக் கட்டி, வெளிப்பக்கத் தையல் முழுக்க சிறு பிரஷால் பூசு. வளையங்கள் தைத்த இடத்தில் இரண்டு முறை. வழிவதை உடனே துடை. ஒரு நாள் காயட்டும். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் டால்கம் பவுடர் தூவிவிட்டு மடி. சில்நைலானிலோ சில்பாலியிலோ தையலின் மேல் டேப் ஒட்டி வந்திருந்தால், டேப் இருக்கும் பக்கம் பெரும்பாலும் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. அந்தப் பூச்சில் சிலிக்கான் சரியாக ஒட்டாது, தேவையும் இல்லை.

அன்புடன்,
அண்ணன்